நூறு பேரில் நீ நின்ற இடம்

மரகதம்,

வருகிற சனிக்கிழமை நீ ரங்கூன் கப்பல் ஏறுகிறாய். மாப்பிள்ளைக்கு அங்கே அரிசி ஆலையில் வேலை நிலைத்துவிட்டது. வீடும் பார்த்துவிட்டு, உன்னையும் குழந்தையையும் அழைத்துப்போக அவரே வந்திருக்கிறார். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை நீ சொல்லிக்கொண்டு போக வந்தாயே, அப்போது குழந்தைக்குத் தலை வாரிக்கொண்டே ஒரு பேச்சு சொன்னாய். "இவளையாவது படிக்க வைக்கணும் நைனா. அவங்கப்பா மூளை இவளுக்கு வந்துட்டா தேவலை. என்னை மாதிரி மக்கா பூட்டா இன்னா பண்றது?" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாய். இந்தப் பேச்சை நீ எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாய். ஒவ்வொரு தடவையும் சிரித்துக்கொண்டேதான் சொல்லுவாய். ஒவ்வொரு தடவையும் நான் வாயைத் திறந்து, வேறு எதையோ பேசிவிட்டு மூடிக்கொள்வேன். அன்றைக்கும் அப்படித்தான். "டிராம் போயிடும், கெளம்பு" என்றேன். நீ போன பிறகு வெகுநேரம் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தேன்.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. ஆறு வருஷமாகச் சொல்லாமல் வைத்திருக்கிறேன். நேரில் சொன்னால் பாதியில் என் குரல் நின்றுபோகும், மீதியை நீயே "விடு நைனா" என்று துடைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன். எழுத்து பெரிதும் சிறிதுமாக இருக்கும், பொறுத்துக்கொள். முப்பது வருஷம் அச்சாபீஸில் ஈய எழுத்தைக் கோர்த்து உற்றுப் பார்த்த கண், இப்போது என் கையெழுத்தையே எனக்குக் காட்ட மாட்டேன் என்கிறது.

நீயும் துரையும் ஒரே நாளில் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தீர்கள். நீ இரண்டு வயது மூத்தவள். அவன் கைக்குழந்தையாக இருந்தபோது உன் அம்மாவுக்கு உடம்பு சரியில்லாமல் போய், அவனைத் தூக்கிவைத்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று உன்னை வீட்டில் நிறுத்தினோம். அவன் நடக்கவும் பேசவும் கற்றுக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குத் தயாரான பிறகுதான் உனக்கும் பள்ளிக்கூடம் கிடைத்தது. உனக்கு நான் செய்த முதல் அநியாயம் அதுதான் என்று இப்போது தெரிகிறது. அப்போது அது யாருக்கும் அநியாயமாகப் படவில்லை. ராயபுரத்தில் எந்த வீட்டிலும் அதுதான் வழக்கம்.

நான் அச்சாபீஸிலிருந்து திருத்துவதற்கான புரூப் தாள்களில் கெட்டுப்போனவற்றைக் கொண்டுவருவேன். பின்பக்கம் வெள்ளையாக இருக்கும், நீங்கள் கணக்குப் போட்டுப் பழகலாம் என்று. துரை அதில் ரயில் என்ஜின் வரைவான். நீ பின்பக்கத்தை விட்டுவிட்டு முன்பக்கத்தைப் படிப்பாய். ஒரு நாள் தாளைத் தூக்கிக்கொண்டு வந்து, "நைனா, இங்க பாரு, இந்த எழுத்து தலைகீழா கீது. இந்தப் பக்கத்துல ஒரு வரி ரெண்டு தபா வந்துகீது" என்றாய். அது உண்மையாகவே எங்கள் புரூப் பார்ப்பவர் விட்டுவிட்ட தப்பு. நான் மறுநாள் போய் போர்மனிடம் சொல்லி நல்ல பேர் வாங்கினேன். உன் பேரைச் சொல்லவில்லை. விளையாட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன். பத்து வயதுப் பெண் ஒருத்தி, தேர்ந்தவர் கண்ணுக்குத் தப்பியதைக் கண்டுபிடிக்கிறாளே, இது என்ன மூளை என்று ஒரு நிமிஷம் நின்று யோசித்திருந்தால் பிறகு வந்த எதுவும் வந்திருக்காது.

நீங்கள் ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது அந்தப் பரீட்சை வந்தது. உனக்கு நினைவிருக்கும். வாத்தியார்களுக்குப் பாடம் சொல்லித்தரும் காலேஜிலிருந்து கோட்டு போட்ட ஒருவர் வந்து, அச்சடித்த கேள்வித்தாள் கொடுத்து, கையில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு எழுதச் சொன்னார். பட்டணத்தில் பல பள்ளிக்கூடங்களில் அதே கேள்விகளைக் கொடுத்தார்களாம். எந்த வயதுப் பிள்ளைக்கு எவ்வளவு தெரிகிறது என்று அளந்து பார்ப்பதற்காக என்றார்கள். அன்று சாயங்காலம் நீ, "மணி அடிக்கிறதுக்குள்ள எல்லாத்தையும் முடிச்சுட்டேன் நைனா, திரும்ப ஒரு தபா பார்த்தேன்" என்றாய். துரையைக் கேட்டேன். "ஜன்னல் வழியா கூட்ஸ் வண்டி போச்சு. எத்தினி பெட்டின்னு எண்ணிக்கினு இருந்தேன்" என்றான். அவனுக்கு ஒரு குட்டு வைத்தேன்.

இரண்டு மாதம் கழித்து ஆளுக்கொரு சீட்டு வந்தது. இங்கிலீஷில் அச்சடித்த துண்டுச் சீட்டு. மேலே பேர், பள்ளிக்கூடத்தின் பேர், கீழே ஒரே ஒரு எண். எண்ணுக்கு மேலே 'பர்சென்டைல் ரேங்க்' என்று போட்டிருந்தது. உன் சீட்டில் தொண்ணூற்றொன்று. துரை சீட்டில் இருபத்து மூன்று.

எனக்கு இங்கிலீஷ் எழுத்து தெரியும், அர்த்தம் தெரியாது. அச்சுக் கோர்க்கும் கம்பாசிட்டர்கள் எல்லோரும் அப்படித்தான். எந்த எழுத்துக்குப் பக்கத்தில் எந்த எழுத்து என்று விரலுக்குத் தெரியும், அது என்ன சொல்கிறது என்று தலைக்குத் தெரியாது. ஆனால் 'பர்சென்ட்' என்றால் நூற்றுக்கு என்று தெரியும். 'ரேங்க்' என்றால் இன்னும் நன்றாகத் தெரியும். பள்ளிக்கூடத்து ரிசல்ட் தாள்களை வருஷா வருஷம் கோர்த்தவன் அல்லவா? முதல் ரேங்க் வாங்கியவன் பேர் மேலே, கடைசி ரேங்க் வாங்கியவன் பேர் கீழே. ஆக, நூறு பிள்ளைகளில் துரை இருபத்து மூன்றாவது இடம், நீ தொண்ணூற்று ஒன்றாவது இடம். அப்படித்தான் படித்தேன். கேட்க வேண்டும் என்று கூடத் தோன்றவில்லை. தெரியாத சொல்லாக இருந்திருந்தால் யாரையாவது கேட்டிருப்பேன். தெரிந்த சொல் மாதிரி இருந்ததுதான் என்னைக் கெடுத்தது.

ஐந்தாவது முடிந்தால் முதல் பாரம். அதற்குப் பெரிய பள்ளிக்கூடம் போக வேண்டும், பீஸ் உண்டு. இரண்டு பேரில் ஒருவரைத்தான் அனுப்ப முடியும் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அது யார் என்பதில் எனக்கு உண்மையாகவே சந்தேகம் இருந்தது, மரகதம். பையன் என்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு அவனை அனுப்பவில்லை. நீ சூட்டிகை என்று மனசுக்குள் எங்கோ தெரிந்திருந்தது. அந்தச் சீட்டு வந்து அந்தச் சந்தேகத்தைத் தீர்த்துவைத்தது. சந்தேகம் தீர்ந்ததில் எனக்குச் சந்தோஷம்கூட.

உன் அம்மா நம்பவில்லை. அடுப்பருகில் நின்றுகொண்டு, "இவதானே அவனுக்குக் கணக்கு சொல்லிக் குடுக்கறா? அவன் எப்டி மேல, இவ எப்டி கீழ?" என்று கேட்டாள்.

"காலேஜுலேர்ந்து வந்து பார்த்து எழுதிக்கிறான். அதுல போட்டுகீற நம்பர் பொய் சொல்லுமா?" என்றேன்.

அவளுக்குப் படிக்கத் தெரியாது. அதனால் வாயை மூடிக்கொண்டாள். உன்னைப் பெற்று வளர்த்தவளின் கண், என் இங்கிலீஷைவிட நன்றாகப் படித்திருந்தது.

உன்னைக் கூப்பிட்டுச் சொன்னேன். நூறு பேரில் தொண்ணூறு பேர் உனக்கு முன்னால் இருக்கிறார்கள், உனக்குப் படிப்பு ஏறாது, தம்பி படிக்கட்டும் என்றேன். இந்த வார்த்தைகளை அப்படியே சொன்னேன், நல்ல நினைவிருக்கிறது. நீ சீட்டை வாங்கிப் பார்த்தாய். "நான் எல்லாத்தையும் போட்டேனே நைனா" என்றாய். "போட்டா போதுமா? சரியா போட்டிருக்கணும்" என்றேன். நீ அழவில்லை. மறுநாள் காலையில் துரைக்குத் தலை வாரிவிட்டு, அவன் கையைப் பிடித்துக்கொண்டு, பள்ளிக்கூட வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்பி வந்தாய். வருஷம் முடிய இன்னும் ஒரு மாதம் இருந்தது. அந்த ஒரு மாதமும் தினம் அவனை வாசலில் விட்டுவிட்டு வந்தாய். அந்த மாதத்தையாவது நீ உள்ளே போய் முடித்திருக்கலாம். எப்படியும் நிற்கிறவள்தானே என்று அதற்கும் நான் விடவில்லை.

உங்கள் வாத்தியாரம்மா என்னை வந்து பார்க்கச் சொல்லி துரையிடம் இரண்டு தடவை சொல்லியனுப்பினார். தலைகுனிந்து நிற்க வேண்டியிருக்கும் என்று நான் போகவில்லை. மூன்றாவது தடவை அவரே நம் வீட்டுக்கு வந்தார். நான் வேலையில் இருந்தேன். "இந்தப் பெண்ணை நிறுத்தாதீங்க அம்மா, இவளை நிறுத்தினா பாவம்" என்று உன் அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனாராம். சாயங்காலம் அவள் அதைச் சொன்னபோது நான், "பள்ளிக்கூடத்துல தலை எண்ணிக்கை கொறைஞ்சா அவங்களுக்குக் கேள்வி வரும். அதுக்காக வந்துட்டுப் போறாங்க" என்றேன். எண்ணை நான் தலைகீழாகப் படித்திருப்பேன் என்று அந்த அம்மாள் நினைத்தே இருக்க மாட்டார். அவரைப் பொறுத்தவரை சீட்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. நெஞ்சில் ஈரமில்லாத தகப்பன் என்றுதான் என்னைப் பற்றி எண்ணியிருப்பார்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் உனக்குத் தெரியும். ஆனால் என் பக்கத்திலிருந்து உனக்குத் தெரியாது. துரை முதல் பாரத்தில் தட்டுத்தடுமாறித் தேறினான், இரண்டாவதில் தோற்றான். நூறு பேரில் இருபத்து மூன்றாவதாக வந்தவன் ஏன் தோற்கிறான்? சோம்பேறித்தனம்தான் என்று முடிவு கட்டினேன். அடித்தேன். சாதாரண அடி இல்லை. "மூளை கீது, ஒடம்பு வளையல" என்று சொல்லிச் சொல்லி அடித்தேன். நீ குறுக்கே வந்து நிற்பாய். "அடிக்காத நைனா, நான் சொல்லிக் குடுக்கறேன்" என்பாய். அவனுடைய இங்கிலீஷ் புத்தகத்தை எடுத்துக்கொண்டு, உனக்கு யாரும் சொல்லித்தராத பாடத்தை நீயே முதலில் படித்துப் புரிந்துகொண்டு, பிறகு அவனுக்குச் சொல்லிக் கொடுப்பாய். நான் அதே அறையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பேன். என் கண்ணெதிரே ஒரு பெண் தனக்குத்தானே வாத்தியாராகி மூன்றாம் பாரத்துப் பாடத்தைப் படிக்கிறாள், நான் சோற்றைப் பிசைந்துகொண்டு, பெண்பிள்ளை தம்பிமேல் எவ்வளவு பாசமாக இருக்கிறாள் என்று நினைத்தேன்.

மூன்றாம் பாரத்தில் அவன் மறுபடி தோற்ற அன்று நான் கையில் கிடைத்த மரச்சட்டத்தால் அடித்ததில் அவன் காதுக்குப் பின்னால் கிழிந்தது. அன்றோடு வீட்டை விட்டுப் போனவன்தான். ஒரு வாரம் கழித்து துறைமுகத்தில் நீராவி லாஞ்ச் படகில் எண்ணெய் போடும் வேலைக்குச் சேர்ந்துவிட்டான் என்று தெரிந்தது. அதன் பிறகு நான் வேலைக்குப் போயிருக்கும் நேரம் பார்த்து வந்து அம்மாவைப் பார்த்துவிட்டுப் போவான். மறுவருஷம் உன்னைக் கட்டிக்கொடுத்தோம். மாப்பிள்ளை நல்லவராக அமைந்தது உன் அதிர்ஷ்டம், என் கெட்டிக்காரத்தனம் இல்லை. பெண் பார்க்க வந்தபோது, "படிப்பு எப்படி?" என்று அவர் அத்தை கேட்டதற்கு நீயே முந்திக்கொண்டு, "எனக்குப் படிப்பு ஏறலை" என்று சொன்னாய். நான் சொல்லிக்கொடுத்த பாடம் அது ஒன்றுதான். அதை மட்டும் மறக்கவே இல்லை நீ.

நீ கல்யாணமாகிப் போய் இரண்டு வருஷம் ஆனபோது எங்கள் அச்சாபீஸுக்கு ஒரு சிறு புத்தகம் வந்தது. ஆரம்பப் பள்ளி வாத்தியார்களுக்காக ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் தமிழில் எழுதியது. பிள்ளைகளை அளக்கும் பரீட்சைகளைப் பற்றி. அதை என் மேடையில் போட்டார்கள். வழக்கம்போல அர்த்தத்தைக் கவனிக்காமல் கோர்த்துக்கொண்டே போனேன். ஏழாவதோ எட்டாவதோ பக்கத்தில் 'பர்சென்டைல் ரேங்க்' என்ற சொல்லைத் தமிழ் எழுத்தில் போட்டிருந்தார். கை நின்றது. அந்தப் பத்தியின் தொடக்கத்துக்குத் திரும்பி, இந்தத் தடவை படித்துக்கொண்டே கோர்த்தேன்.

அந்த எண் பிள்ளை வாங்கிய மார்க் அல்ல என்று எழுதியிருந்தார். அவன் நிற்கும் வரிசை எண்ணும் அல்ல. அதே பரீட்சையை எழுதிய அதே வகுப்புப் பிள்ளைகளிலிருந்து நூறு பேரைக் கெட்டிக்காரத்தனத்தின்படி வரிசையாக நிறுத்தினால், இந்தப் பிள்ளைக்குக் கீழே எத்தனை பேர் நிற்பார்கள் என்பதுதான் அந்த எண். ஆகவே எண் ஏற ஏற நல்லது. ஐம்பது என்றால் நட்டநடு. தொண்ணூறுக்கு மேல் என்றால் அந்தப் பிள்ளையைத் தாண்டி நிற்பவர்கள் ஒரு கை விரல், இரு கை விரலுக்குள் அடங்குவார்கள்.

ஒவ்வோர் எழுத்தாக அந்த வாக்கியத்தை என் கையாலேயே கோர்த்தேன், மரகதம். உனக்குக் கீழே தொண்ணூற்றொரு பேர். துரைக்குக் கீழே இருபத்து மூன்று பேர். முன்னால் இருந்தது நீ. பட்டணத்துப் பள்ளிக்கூடங்களையெல்லாம் சேர்த்து நிறுத்தினாலும் முன்வரிசையில் நின்றது நீ. நான் வரிசையின் தலையை வால் என்று நினைத்து, தலையை வெட்டி வீட்டில் போட்டேன்.

புரூப் திருத்த அந்தத் தலைமையாசிரியரே வந்தார். கதர்ச் சட்டை போட்ட மெலிந்த மனிதர். அவர் உட்கார்ந்திருந்த மேஜைக்குப் பக்கத்தில் போய் நின்றேன்.

"ஐயா, ஒண்ணு கேக்கலாமுங்களா? ஒரு பொண்ணுக்குத் தொண்ணூத்தி ஒண்ணுன்னு வந்தா..."

"வெகு நல்ல பிள்ளை. எந்த வகுப்பு?"

"அஞ்சாவதுங்க."

"உங்க பெண்ணா?"

"இல்லீங்க. தெரிஞ்சவங்க பொண்ணு" என்றேன்.

உன்னை இல்லை என்று சொன்னேன். பெற்ற மகளை மறுத்தேன். அவர் சந்தோஷமாகத் தலையாட்டி, "இப்போ எங்கே படிக்கிறது அந்தக் குழந்தை?" என்று கேட்டார். "படிக்கலீங்க. அவங்க அப்பா நிறுத்திட்டாரு" என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார். என்னை ஏறிட்டுப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். தன் கைப்பிரதியில் ஒரு பக்கத்தைப் புரட்டி என்னிடம் காட்டினார். "இதையும் படித்துவிடுங்கள். அந்த அப்பாவிடம் சொல்லுங்கள்" என்றார்.

அந்தப் பக்கத்தை நான் இன்னும் கோர்த்திருக்கவில்லை. அதில் இருந்ததுதான் எனக்கு இரண்டாவது அடி. இந்த எண் ஒரு நாள் காலையில் ஒரு பிள்ளை எழுதியதற்கு மட்டும்தான். காய்ச்சலோடு எழுதினாலோ கவனம் வேறெங்கோ இருந்தாலோ மாறிவிடும். நடுவில் பிள்ளைகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்பார்கள், அங்கே ஒரு கேள்வி கூடக் குறையச் சரியாகப் போட்டாலே பத்துப் பேரைத் தாண்டிவிடலாம், பத்துப் பேருக்குப் பின்னால் போய்விடலாம். யாரோடு நிறுத்திப் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்தும் எண் மாறும். பிள்ளைக்கு எந்த இடத்தில் கைகொடுக்க வேண்டும் என்று வாத்தியாருக்குச் சொல்லத்தான் இது, எந்தப் பிள்ளையைக் கைவிடலாம் என்று சொல்ல அல்ல.

அதைப் படித்ததும் எனக்கு ஒன்று விளங்கியது. நான் எண்ணைச் சரியாகவே படித்திருந்தால் என்ன செய்திருப்பேன்? உன்னைப் படிக்கவைத்திருப்பேனோ என்னவோ. ஆனால் துரையைக் கூப்பிட்டு, நீ மக்கு என்று அதே வாயால் சொல்லியிருப்பேன். கூட்ஸ் வண்டியின் பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தவன் வாங்கிய எண் அது. அந்தப் பையன் இன்று லாஞ்சின் என்ஜின் சத்தத்தைக் காதால் கேட்டே எங்கே கோளாறு என்று சொல்கிறானாம், வெள்ளைக்கார இன்ஜினீயரே அவனைக் கூப்பிட்டனுப்புகிறாராம். அர்த்தம் தெரியாததால் மட்டும் நான் தப்பு செய்யவில்லை, மகளே. பிள்ளைகளைப் பார்க்க வேண்டிய நேரத்தில் ஒரு துண்டுச் சீட்டைப் பார்த்தேன். அதுதான் தப்பு.

அன்று வீட்டுக்கு வந்து டிரங்குப் பெட்டியில் இருந்த இரண்டு சீட்டையும் எடுத்துப் பார்த்தேன். எண்கள் மாறவில்லை. மறுநாள் அரைநாள் லீவு போட்டு உங்கள் பழைய பள்ளிக்கூடத்துக்குப் போனேன். வாத்தியாரம்மா காலில் விழுந்தாவது மன்னிப்புக் கேட்கலாம் என்று. அவர் தெற்கே எங்கோ மாற்றலாகிப் போய் வருஷங்கள் ஆகிவிட்டன என்றார்கள். உன் அம்மாவிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால், "நான் அப்பவே சொன்னேனே" என்று ஒரு வார்த்தை சொல்லியிருப்பாள், அதைத் தாங்கியிருக்கலாம். சொல்லாமல் இருந்தேன். மூன்று வருஷத்துக்கு முன்னால் அவளை மூலக்கொத்தளம் சுடுகாட்டில் வைத்துவிட்டு வந்தோம். தன் கண் பார்த்தது சரிதான் என்று தெரியாமலே போய்விட்டாள்.

உன்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். சொல்லி என்ன ஆகப்போகிறது, கல்யாணமாகிக் குழந்தையும் ஆகிவிட்டது, இனிமேல் சொன்னால் அவள் மனசுதானே கெடும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது பொய். உன் மனசு கெடும் என்று இல்லை, உன் கண்ணில் நான் கெட்டுப்போவேன் என்றுதான் பயம்.

நீ வந்துபோன மறுநாள் துரையைத் தேடித் துறைமுகத்துக்குப் போனேன். ஒன்பது வருஷத்தில் நானாக அவனைத் தேடிப் போனது அதுவே முதல் தடவை. உன் அம்மாவின் சாவிலும் நாங்கள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. லாஞ்ச் கரையில் கட்டியிருந்தது. துணியால் கையைத் துடைத்துக்கொண்டு ஏறி வந்தான். எல்லாவற்றையும் சொன்னேன். அவன் கடலைப் பார்த்தபடியே கேட்டான்.

"அப்போ எனுக்கு மூளை கீது, ஒடம்பு வளையலன்னு அடிச்சியே. அது?"

"தப்புடா" என்றேன்.

"நானும் அப்டிதான் நெனைச்சுக்கினு இருந்தேன் நைனா. மூளை இருந்தும் படிக்காத பாவின்னு. மெய்யாலுமே எனுக்கு அந்தப் பாடம் புரியல. புரியலன்னு சொன்னா நீ நம்பல." துணியை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டான். பிறகு, "அக்காகிட்ட சொல்லிட்டியா?" என்றான்.

"இல்ல. லெட்டர் எழுதலாம்னு கீறேன். சனிக்கெழமை கப்பல் ஏறினப்புறம் கைல குடுக்கலாம்னு."

"ஏன், ஏறினப்புறம்? அவ படிக்கறப்போ நீ கரையில பத்திரமா இருக்கணும், அதுக்கா?" என்று கேட்டான். கோபமாகக் கேட்கவில்லை. "அவ மூஞ்சிக்கு நேரா நின்னுதானே மக்குன்னு சொன்ன? இதையும் அவ மூஞ்சிக்கு நேரா போய்க் குடு." அப்புறம் ஒரு பலகையை இழுத்துப் போட்டு, "குந்து நைனா, டீ வாங்கியாறேன்" என்றான். வாங்கி வந்தான். குடித்தோம். மன்னித்தானா என்று நான் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை.

உனக்குப் புத்தி சொல்லும் தகுதி எனக்கு இல்லை. ஆனால் பேத்திக்கும் ஒரு நாள் பள்ளிக்கூடத்திலிருந்து ஏதாவது ஒரு எண் வரும். வந்தால் அது எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்று போய்க் கேள். வெட்கப்படாமல் கேள். அவளை யாரோடு நிறுத்திப் பார்த்தார்கள் என்று கேள். பிறகு வீட்டுக்கு வந்து, அவள் எதை முகம் மலர்ந்து செய்கிறாள் என்று பார். ரங்கூனில் கல்யாணமான பெண்களுக்கும் மத்தியானத்தில் பாடம் சொல்லித்தரும் இடங்கள் இருப்பதாக மாப்பிள்ளை சொன்னார். நானாக அவரிடம் கேட்டேன். உனக்கு இருபத்து நாலு வயதுதான். போ என்று நான் சொல்லப்போவதில்லை. போக வேண்டாம் என்று சொன்ன வாய் இது. உன் இஷ்டம்.

இன்று வியாழக்கிழமை. துரை சொன்னபடியே தண்டையார்பேட்டையில் உன் வீட்டு வாசலில் நின்று, "குழந்தையை என்கிட்ட குடு, நீ படி" என்று சொல்லி இந்தக் காகிதத்தைக் கொடுத்திருப்பேன். நீ இந்த வரிக்கு வரும்போது நான் போய்விடவில்லை. எதிரே குழாயடிக் கல்லில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அவசரம் இல்லை, நிதானமாக வா. என்ன சொல்ல வேண்டுமோ சொல், கேட்டுக்கொள்கிறேன். ஒன்றும் சொல்லத் தோன்றாவிட்டால், வந்து குழந்தையை மட்டும் வாங்கிக்கொள்.